வழுக்கில் சொல்லும் சொல்

என் மேசைக்கு வந்துசேரும் கரடிகளில் பாதி கரடியே இல்லை.

கணினி அடித்துச் சொல்லும், கரடி என்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் புதுசு. மழைச்சட்டையும் சேறு அப்பிய முழங்காலுமாக, நாலு காலில் தவழ்ந்துகொண்டிருப்பாள். போன வருடம் எங்கள் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த பெண். வந்த வாரமே எல்லோருக்கும் புதுசு ஆகிப்போனாள். இனி ஓய்வுபெறும்வரை அவள் புதுசுதான். காட்டு மரத்தில் கேமராவைக் கட்டி முடித்ததும், அது கரடியின் உயரத்தைச் சரியாகப் பார்க்கிறதா என்று சோதிக்க யாராவது ஒருவர் அதன் முன்னால் தவழ்ந்து காட்டவேண்டும். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் செய்கிற வேலை இது. புதுசு அதைக் கடமைக்குச் செய்வதில்லை. மரத்தை முகர்ந்து, தலையை ஆட்டி, போகிற போக்கில் கேமராவுக்குப் பல்லைக் காட்டிவிட்டுப் போவாள். நான் இங்கே இரண்டாம் மாடியில், ஏசி சொட்டுச் சொட்டாக வாளிக்குள் ஒழுகும் அறையில் உட்கார்ந்து, ‘மனிதர்’ என்ற பொத்தானை அழுத்தவேண்டும்.

சிரிப்பு வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வயிற்றெரிச்சலும் வரும். மறைப்பானேன், அந்தச் சேற்றில் தவழ்ந்த முழங்கால் ஒரு காலத்தில் என்னுடையது.

காட்டில் வேலை என்றதும் ஜனங்கள் அழகைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பனி, அருவி, விடியற்காலைப் பறவை. அதெல்லாம் வண்டி பிடித்து வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு. எனக்குப் பிடித்தவை வேறு. எத்தனை நாள் காயவைத்தாலும் காயாத காலுறையை விடியற்காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டும் அந்த நொடி எனக்குப் பிடிக்கும். வாரக்கணக்கில் கண்ணாடி பார்க்காமல், நமக்கு ஒரு முகம் இருக்கிறது என்பதே மறந்துபோவது பிடிக்கும். புகை வாடை அடிக்கும் தேநீர் பிடிக்கும். சூடு ஆறாத கரடி எச்சத்தைப் பாதையில் பார்த்துவிட்டால், கீழே கிடந்த தங்கச் சங்கிலியைக் கண்டவள் மாதிரி ஓடுவேன். அதை ஓடைத் தண்ணீரில் சல்லடை போட்டு அலசினால், நேற்று அது என்ன தின்றது, எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது, அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று எல்லாம் தெரிந்துவிடும். ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டார் என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கே ஒரு மலையே என்னிடம் எதையும் மறைக்காமல் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் என் மாமியார் என்ன வேலை என்று விசாரித்தபோது, பேச்சு வாக்கில் “மல ஆராய்ச்சி” என்று சொல்லிவைத்தேன். மலையைப் பற்றிய ஆராய்ச்சி என்று எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்களிடமெல்லாம் அவர் பெருமையடித்துவிட்டார். கரடி போட்டதை அலசுவதுதான் மருமகளின் வேலை என்று தெரிந்தபிறகும், பாவம், சொன்ன சொல்லை மாற்றவில்லை. மாற்றத் தேவையும் இல்லை. சொல் இரண்டுக்கும் பொருந்தித்தானே இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒன்று உண்டு. ஆறு பெருகியிருக்கும்போது தாய்க்கரடி குட்டியோடு அக்கரைக்குப் போகாது என்று எழுதி, அதை நாலு பேர் படித்து, எங்களுக்குப் பெயரும் வந்துவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் அக்கரைக் கேமராவில் நனைந்த தாய் ஒன்று, பின்னாலேயே நனைந்த குட்டி. கூடாரத்தில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் குதித்த குதி இருக்கிறதே! எங்கள் மூக்கை உடைத்துவிட்டுப் போன கரடிக்காக அப்படிக் குதித்தோம். தப்பு என்று தெரிந்ததற்கு அத்தனை சந்தோஷப்பட இந்த உலகத்தில் வேறு எங்கே இடம் இருக்கிறது? இரண்டாம் மாடியில் தப்பு நடந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

அப்புறம் என் காது என்னைக் கவிழ்த்துவிட்டது.

காதுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் கோளாறு. முதலில் ஓர் இரைச்சல், பிறகு தரை சுவராகவும் சுவர் கூரையாகவும் மாறும். கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் எல்லாம் இருந்த இடத்துக்கு வந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு லிப்ட் பழுதுபார்க்கும் தொழில். டாக்டர் படம் போட்டு விளக்கியும் எனக்குப் புரியாததை, அவர் தன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் காட்டிப் புரியவைத்தார். “உனக்குள்ள இருக்கற ரசமட்டத்துல குமிழி அப்பப்ப ஓடிடுது. அவ்ளோதான். நீ கோணல் இல்ல.” சமாதானமாகத்தான் சொன்னார். ஆனால் குமிழி ஓடுகிறவளை மலையில் யார் ஏற்றுவார்கள்? ஒரு முழு வருடம் அது வராமல் இருந்தால் பார்க்கலாம் என்றார் எங்கள் தலைவர். அதுவரை படங்களைப் பிரித்துப் போடு என்று இந்த நாற்காலியைக் கொடுத்தார்.

தலைவர் பொல்லாதவர் இல்லை. அவருக்கு வழுக்கு தெரியும்.

வழுக்கு என்பது முகாமிலிருந்து மேல் கேமராக்களுக்குப் போகும் வழியில் குறுக்கே கிடக்கும் பெரும்பாறை. எப்போதும் அதன்மேல் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். இருவர் இருவராகத்தான் கடப்போம். இருவர் இடுப்புக்கும் நடுவே ஒரு கயிறு. ஒருவர் வெடிப்பில் குதிகாலை ஊன்றி, கயிற்றை இறுக்கிக்கொண்டு, “நிக்கறேன்” என்று குரல் கொடுப்பார். அந்தச் சொல் காதில் விழாமல் மற்றவர் காலைத் தூக்கக் கூடாது. ‘போ’ என்று சொல்வதில்லை. போ என்பது அடுத்தவர் காலுக்கு இடும் உத்தரவு. ‘சரி’ என்பதை மனிதர்கள் எதற்கு வேண்டுமானாலும் சொல்லிவிடுகிறார்கள். நிக்கறேன் என்றால் என் காலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீ வழுக்கினால் நான் வழுக்கமாட்டேன். அந்தச் சொல்லை நாங்கள் கூடாரத்தில் விளையாட்டுக்குக்கூடச் சொன்னதில்லை.

இந்த மழைக்காலம் முடியும்போது என் ஒரு வருடமும் முடிய இருந்தது. காலணிக்கு எண்ணெய் போட்டு வைத்துவிட்டேன். மாடிப்படி ஏறி இறங்கிப் பழகினேன். லிப்டில் ஏறாத மனைவி என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார், தன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறேனாம். யார் யார் போவது என்று தலைவர் முடிவுசெய்ய இருந்த வாரத்தில், காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, காதில் அந்த இரைச்சல். குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்து குழாயை மூடிவிட்டு, ஈரத் தரையிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடங்கியதும் நான் சொன்ன முதல் வார்த்தை: “யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும்,” என்றார். பிறகு ஏதோ யோசித்து, “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன் காது, உன் காடு” என்றார்.

அதுதான் வினை. திட்டியிருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டுவிட்டு, பொய் சொல்லிவிட்டு, நிம்மதியாகப் போயிருப்பேன். என் கையில் விட்டுவிட்டாரே! அன்று முழுக்க எனக்குள்ளேயே வழக்காடி, மறுநாள் காலை தலைவர் அறைக்குப் போனேன். அவர் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “புதுசு மேல் கேமராவுக்குப் போறா. நீ?” என்றார்.

நீளமாகச் சொல்ல வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. “அவ போகட்டும் சார்,” என்றேன். “நான் நிக்கறேன்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படிச் சொல்லு! இதைக் கேட்டு எத்தனை நாளாச்சு!” என்று மேசையைத் தட்டிவிட்டு, மறுபடியும் போனில் கத்தப் போய்விட்டார்.

நடைவழிக்கு வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு வீட்டில் எல்லோரும் எங்காவது கிளம்பும்போது, நீங்க போங்க, நான் நிக்கறேன் என்று ஒருத்தி சொன்னால், அவள் வரவில்லை என்று குழந்தைக்கும் தெரியும். நான் சொன்னது அந்த நிக்கறேன். தலைவர் வாழ்நாளில் பாதியை ஈரப்பாறையில் கழித்தவர். அவர் காதில் விழுந்தது வழுக்கின் நிக்கறேன்.

திரும்பி உள்ளே போயிருக்கவேண்டும். போகவில்லை. நான் உண்மையைத்தான் சொன்னேன், அவர் தப்பாகக் கேட்டால் நான் என்ன செய்ய என்று என் மனது கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வாதாடியது. மத்தியானத்துக்குள் அதற்கு வெற்றியும் கிடைத்துவிட்டது.

“சொல்லிட்டியா?” என்று கேட்டார் வீட்டுக்காரர், சாயங்காலம்.

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“போகச் சொல்லிட்டாரு.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் ஏற்கெனவே எண்ணெய் போட்ட காலணிகளை எடுத்துவைத்து, தன் கிரீஸ் படிந்த விரல்களால் தையல் தையலாக இன்னொரு தடவை எண்ணெய் தேய்த்தார். எனக்குக் கோபமாக வந்தது. “போதும் விடுங்க, ஊறிப்போயிடும்” என்று பிடுங்கிக்கொண்டேன்.

அடுத்து வந்த நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன என்று சொல்லத்தான் வேண்டும். எனக்கு வெட்கமில்லை. தலைகால் புரியவில்லை எனக்கு. கட்டிலெல்லாம் மழைச்சட்டையும் கயிறும் சல்லடையும் பரப்பி, மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன். பழைய பையைத் திறந்ததும் காட்டு வாடை அப்படியே வந்தது, புகை, பாசி, ஈரத் துணி. முகத்தை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன். அலுவலகத்தில் ‘மனிதர்’ பொத்தானை அழுத்தும்போதெல்லாம், அடுத்த மாதம் நீ அழுத்து, நான் தவழ்கிறேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டேன். காது சமர்த்தாக இருந்தது. பார்த்தாயா என்றேன் நான், குமிழி நடுவில்தான் இருக்கிறது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் புதுசு கயிற்றோடு வந்து நின்றாள். “அக்கா, பின்பக்கப் படிக்கட்டுல கொஞ்சம் பழகிக்கலாமா?”

படிக்கட்டில் யாருமில்லை. என் இடுப்பில் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மற்ற முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். முடிச்சு போட்டுக்கொண்டே பேசினாள். “உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, எனக்கு வழுக்குன்னாலே உதறும்க்கா. போன தடவை நடுவுல நின்னுட்டு காலைத் தூக்கவே முடியல. படத்துல பல்லைக் காட்டறதெல்லாம் சும்மா. தலைவர் சொன்னாரு, இந்தத் தடவை நீங்கதான் எனக்கு நிக்கறீங்களாம். அதைக் கேட்டப்புறம்தான் நல்லா தூங்கறேன்.”

இரண்டு படி மேலே ஏறி, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஒரு கால் படியில். இன்னொரு கால் எழும்பத் தயாராக, நுனி மட்டும் தரையில். “சொல்லுங்க, போறேன்.”

தரை தரையாகத்தான் இருந்தது. சுவர் சுவராகத்தான் இருந்தது. காதில் ஓர் இரைச்சலும் இல்லை. அந்த ஒரு நொடிக்கு அந்தச் சொல் உண்மைகூட. சிமெண்ட் படிக்கட்டில் யார்தான் நிற்கமாட்டார்கள்? ஆனால் எனக்கு அது வாயைவிட்டு வரவில்லை. அவள் கழுத்தின் பின்பக்கம் சின்னப் பெண்ணுடையது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை.

“அக்கா?”

“காலைக் கீழ வை,” என்றேன். முடிச்சை அவிழ்க்க எனக்கு வெகுநேரம் ஆனது. நன்றாகத்தான் கட்டியிருந்தாள்.

தலைவர் தனியாக இருந்தார். கதவைச் சாத்தினேன். “சார், அன்னிக்கு நான் நிக்கறேன்னு சொன்னது அந்த நிக்கறேன் இல்ல.”

“பின்ன எந்த நிக்கறேன்?”

“வீட்ல சொல்ற நிக்கறேன். எல்லாரும் போங்க, நான் நிக்கறேன்னு சொல்லுவோமே, அது.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “திரும்ப வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“ஏம்மா, அன்னிக்கே புரியற மாதிரி சொல்லித் தொலைக்கக் கூடாதா?”

“புரியற மாதிரிதான் சொன்னேன். உங்களுக்குத்தான் காட்டுக் காது.”

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதேன். நாகரிகமாக ஒன்றும் இல்லை, மூக்கு ஒழுக அழுதேன். எனக்குப் போகவேண்டும். மறுபடி ஒரு வருடம், மறுபடி முதலிலிருந்து, அப்போதும் குழாயடியில் உட்காரமாட்டேன் என்று என்ன நிச்சயம்? தலைவர் அலமாரியில் எதையோ தேடுவதுபோல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் மூக்கைச் சிந்தி முடித்ததும், “அப்ப நானே போறேன் அவகூட” என்றார். சொல்லும்போது குரலைக் கனமாகத்தான் வைத்துக்கொண்டார். ஆனால் காதுவரை சிவந்துபோன அந்த சந்தோஷத்தை என்னிடம் மறைக்க முடியுமா? அந்த ஆளும் பல வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து என்னை மாதிரியே வெந்துகொண்டிருந்திருக்கிறார்.

அவர்கள் போனார்கள். வழுக்கைப் பத்திரமாகக் கடந்துவிட்டோம் என்று செய்தி வந்தது. நான் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். வீட்டுக்காரர் தட்டு வைத்துக்கொண்டிருந்தார். செயற்கைக்கோள் போனிலிருந்து அழைப்பு. புதுசு.

“அக்கா, கடைசி கேமராவுக்குப் போற வழி காணோம். மண்ணு சரிஞ்சு கிடக்கு. ஒரே மூடுபனி. கருவி இடத்தைக் காட்டுது, வழியைக் காட்ட மாட்டேங்குது.” பின்னாலிருந்து தலைவரின் குரல்: “இடது பக்கம்னு சொல்றேன்ல!”

“அவரை வாயை மூடச் சொல்லு,” என்றேன். “அவர் காலத்துப் பாதை வேற. நீ கண்ணை மூடிக்கோ. தண்ணிச் சத்தம் எந்தப் பக்கம்?”

“எல்லாப் பக்கமும் கேக்குது.”

“நல்லா கேளு. ஒண்ணு கல்லுமேல விழுற சத்தம். இன்னொண்ணு மண்ணுக்கடியில ஓடற மாதிரி இருக்கும்.”

ஓசை. மூச்சு. “கல்லுமேல விழறது வலது பக்கம்.”

“அதுக்கு முதுகைக் காட்டு. இப்ப ஏறு. மெதுவா. காலடியில பாசி மெத்து மெத்துன்னு வரும்.”

நான் செருப்பு அலமாரிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தேன். கண்ணை நானும் மூடியிருந்தேன். பாசி வந்தது. பாசி தாண்டியதும் வேர்கள் படியாகப் பின்னியிருக்கும் இடம் வந்தது, வேரை மிதிக்காதே, நடுவில் மிதி என்றேன். குனி, இங்கே ஒரு கிளை முகத்தில் அடிக்கும் என்றேன். அடித்துவிட்டது என்றாள். காற்று மாறும் பார், சில்லென்று இடது கன்னத்தில் படும், அங்கே பள்ளம், கன்னத்தில் படும்வரைதான் நடக்கலாம், பட்டதும் நில் என்றேன். “பட்டுதுக்கா!” என்று கத்தினாள். எனக்கும் பட்டது. உள்ளங்கை வியர்த்து, மூச்சு வாங்கியது. வலது பக்கம் திரும்பச் சொன்னேன். சாய்ந்த மரத்துக்கு அடியில் நுழையச் சொன்னேன். நகம் கீறிய பட்டையைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னேன். பட்டையின் ஈரம் என் விரலில் இருந்தது.

“இருக்குக்கா! கேமரா இருக்கு! வந்துட்டோம்! சார்ஜ் தீருது, வைக்கறேன்.”

வைத்துவிட்டாள். கீறல் புதுசா பழசா என்று கேட்க நினைத்திருந்தேன். பனி விலகினால் கீழே ஆறு தெரியும், தெரிகிறதா என்று கேட்க நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் போனை அப்படியே காட்டுக்கு நீட்டிப் பிடி என்று கேட்கத்தான் முக்கியமாக நினைத்திருந்தேன்.

“போய்ச் சேந்துட்டாங்களா?” என்றார் வீட்டுக்காரர், சாப்பாட்டு மேசையிலிருந்து.

தலையை ஆட்டினேன். கண்ணைத் திறக்கவில்லை.

“அப்ப வா. ஆறுது.”

“இருங்க,” என்றேன். “ஏறினதை இறங்கணும்ல.”

அவர் என் தட்டை இன்னொரு தட்டால் மூடிவைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.